கடைமடைக்கு ஒரு பெட்டி

என் நாட்குறிப்பில் ஆவணி இருபத்தாறாம் தேதிப் பக்கத்தின் அடியில் மறுநாளைக்கான குறிப்பு ஒன்று இருக்கிறது: "நாளை காலை 10 மணி, சமுதாயக் கூடம். மடிக்கணினி. புரொஜக்டர். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். திரைக்கு வேட்டி ஒன்று, கரை இல்லாதது."

வருஷத்தை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். போட்டால் யார் யார் என்று எங்கள் பக்கத்து ஆட்களுக்கு உடனே தெரிந்துவிடும். கரை இல்லாத வேட்டி எதற்கு என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். கூடத்துக்கு வரவேண்டிய ஊர்த் தலைவர்களில், வாய்க்கால் தொடங்கும் தலைமடை ஊர்க்காரர் ஒரு கட்சி, அது முடியும் கடைமடை ஊர்க்காரர் அதற்கு எதிர்க்கட்சி. இருவர் இடுப்பிலும் கரைவேட்டிதான், கரையின் நிறம்தான் வேறு. எந்தக் கரையைச் சுவரில் கட்டினாலும் மற்றவர் எழுந்து போய்விடுவார். ஆட்சி மாறும்போதெல்லாம் இவர்கள் இருவரில் குரல் உயர்த்திப் பேசுகிறவர் மாறுவார். தண்ணீர் மட்டும் எப்போதும் தலைமடையில்தான் நிற்கும்.

அந்த வருஷம் ஜூன் பன்னிரண்டில் மேட்டூர் திறக்கவில்லை. குறுவை போயிற்று. தாமதமாகத் தண்ணீர் விட்டபோது முறைப்பாசனம் என்றார்கள், ஒரு சமயத்தில் ஓர் ஊருக்கு மட்டும். வாரத்துக்கு நூற்றறுபத்தெட்டு மணி நேரம். அதைத் தலைமடை, இடைமடை, கடைமடை என்று எங்கள் வாய்க்காலின் மூன்று ஊர்களும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். முதல் வாரமே தலைமடையில் யாரோ வாய்க்காலுக்குக் குறுக்கே மண் மூட்டைகளை அடுக்கினார்கள். கடைமடைக்காரர்கள் பஸ்ஸை மறித்து உட்கார்ந்தார்கள். தாசில்தார் இரண்டு தடவை கூட்டம் போட்டார். இரண்டு தடவையும் தாளில் ஓர் எண்ணைத் திருத்தியதும், அப்படியானால் எனக்கு எவ்வளவு என்று மூன்று ஊரும் தனித்தனியாகக் கூட்டிக் கழித்து, மூன்று விடை சொல்லி, நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்கள்.

நான் அப்போது ஒரத்தநாட்டில் பஸ் நிலையத்துக்கு அருகில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தேன். மனு டைப் அடிப்பது, பரீட்சை முடிவு எடுத்துக் கொடுப்பது, பிள்ளைகளுக்கு நிரல் எழுதச் சொல்லிக்கொடுப்பது. தாசில்தார் ஒரு நாள் வந்து, "ஒரு எண்ணை மாத்தினா மத்ததெல்லாம் அந்த இடத்துலேயே மாறணும். எல்லாரும் சுவத்துல பாக்கணும். அப்படி ஒண்ணு பண்ண முடியுமா?" என்று கேட்டார். இரண்டு நாளில் பண்ணிவிடலாம் என்றேன். பண்ணியும் விட்டேன்.

அது எப்படி வேலை செய்கிறது என்பதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. நிரலில் மாறி என்பது பெயர் ஒட்டிய ஒரு டப்பா. அதற்குள் ஓர் எண் இருக்கும். அந்த எண் மாறினால் வழக்கமாக யாருக்கும் தெரியாது, நாமே போய்த் திறந்து பார்த்தால்தான் உண்டு. ஆனால் திரையில் பெட்டியும் பொத்தானும் வைத்து எழுதும் நிரல்களில் ஒரு வசதி உண்டு. "இந்த டப்பாவில் யார் கை வைத்து எண்ணை மாற்றினாலும் எனக்கு உடனே ஒரு குரல் கொடு" என்று சொல்லி வைக்கலாம். அப்படிச் சொல்லி வைப்பதற்கு ட்ரேஸ் என்று பெயர். குரல் வந்ததும் ஓட வேண்டிய நாலைந்து வரிகளுக்குப் பெயர் கால்பேக். எண்ணை எழுதும்போது குரல் கொடு, படிக்கும்போது குரல் கொடு, டப்பாவே போய்விட்டால் குரல் கொடு என்று மூன்று விதமாகக் கேட்கலாம். எனக்கு வேண்டியது முதலாவது.

தலைமடைக்கும் இடைமடைக்கும் எண் எழுத ஒவ்வொரு பெட்டி வைத்தேன். இரண்டிலும் ட்ரேஸ் கட்டினேன். எது மாறினாலும் கால்பேக் ஓடி, நூற்றறுபத்தெட்டிலிருந்து இரண்டையும் கழித்து, கடைமடைக்கு உள்ளதைக் கீழே பெரிய எழுத்தில் காட்டும். எழுதி முடித்தபோது மிகச் சுத்தமான நிரல் என்று தோன்றியது. முப்பது வரிகூட இல்லை.

ஆவணி இருபத்தேழு, காலை பத்தேகால். கூடத்தில் நூறு பேருக்கு மேல் இருக்கும். பெஞ்சுகளில் பாதி ஆண்கள், கீழே ஜமுக்காளத்தில் மீதி ஆண்களும் பெண்களும். சுவரில் வேட்டி. வேட்டியில் அப்போது நடப்பில் இருந்த பங்கு: தலைமடை 72, இடைமடை 52, கடைமடை 44.

கடைமடைப் பெண்களுக்கு நடுவில் முப்பத்தைந்து வயது இருக்கும் ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். கூட்டம் தொடங்கும் முன்பே எழுந்து தாசில்தாரிடம் தன் நிலையைச் சொன்னவர் அவர்தான். ஆறு மா குத்தகை நிலம், இரண்டு ஏக்கர். கணவர் சிங்கப்பூரில். நாற்றங்கால் விட்டு இருபத்திரண்டு நாள் ஆகிறது, நாலு நாளாகத் தண்ணீர் காணாமல் நுனி சுருண்டு கிடக்கிறது. நிலத்துக்காரர் தஞ்சாவூரில் இருக்கிறார், புரட்டாசி முதல் தேதி வந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். நாற்று செத்துத் தரிசாகக் கிடந்தால் குத்தகையை முடித்து, மனை போட்டு விற்றுவிடுவார்.

"மனைக்கு நடுற கல்லு வாங்கி வச்சிட்டாருங்க. லாரியில ஏத்துறதுதான் பாக்கி," என்றார்.

தாசில்தார் தலையாட்டினார். அன்றைக்கு அவரிடம் தலையாட்டலைத் தவிர வேறு எதுவும் இல்லை.

முதலில் தலைமடைத் தலைவர் பேசினார். தங்கள் ஊரில் நடவே முடிந்துவிட்டது, வயலில் தண்ணீர் கட்டவேண்டும், எண்பது மணி நேரம் இல்லாமல் முடியாது என்றார். நான் தலைமடைப் பெட்டியில் எழுபத்திரண்டை அழித்து எண்பது போடத் தொடங்கினேன்.

இங்கே ட்ரேஸின் குணம் ஒன்றை முன்கூட்டியே யோசிக்காமல் விட்டிருந்தேன். எண்ணை முழுதாக எழுதி முடிக்கும்வரை அது காத்திருக்காது. ஒவ்வொரு விசைக்கும் குரல் கொடுக்கும். நான் இரண்டை அழித்ததும் பெட்டியில் ஏழு மட்டும் நின்றது. வேட்டியில் கடைமடையின் எண் 44-லிருந்து 109-க்குத் தாவியது. ஜமுக்காளத்தில் கைதட்டல். ஏழையும் அழித்தேன், 116 ஆனது. பெண்கள் பக்கத்தில் சிரிப்பு.

கடைமடைத் தலைவர் எழுந்து கும்பிட்டார். "தம்பி, அப்படியே கைய எடுத்துடுங்க. பேச்சுவார்த்தை முடிஞ்சுது."

"உட்காருங்க, இன்னும் அடிச்சு முடிக்கல," என்றார் தாசில்தார்.

எட்டு அடித்தேன், 108. சைபர் அடித்தேன், 36. கடைமடைத் தலைவர் உட்கார்ந்துவிட்டார்.

அடுத்து இடைமடைக்காரர்கள் தங்களுக்கும் நாலு மணி நேரம் கூட்டிக்கொடுக்கச் சொன்னார்கள். 52 போய் 56 வந்தது. கடைமடை 32 ஆனது. தலைமடைத் தலைவர் திருப்தியாக நாற்காலியில் சாய்ந்தார். "பாருங்கய்யா, மிஷின் வந்த உடனே எவ்வளவு சுலபமா முடியுது. நமக்கும் சரி, இடைமடைக்கும் சரி, ரெண்டு பேருக்கும் சண்டையே இல்ல."

அந்த அம்மாள் எழுந்து மேசைக்கு வந்தார். "நான் ஒரு எண் போட்டுப் பாக்கலாங்களா?"

போடுங்கள் என்று நாற்காலியை நகர்த்தினேன். அவர் மவுஸைப் பிடித்து, முப்பத்திரண்டின் மேல் அம்புக்குறியைக் கொண்டுபோய், அழுத்தினார். மறுபடி அழுத்தினார். ஒன்றும் ஆகவில்லை.

"சார், எங்க பெட்டி திறக்க மாட்டேங்குது."

"அது பெட்டி இல்லைங்க, லேபிள். பாக்க மட்டுந்தான். எழுத முடியாது."

"அப்ப எங்களுக்கு எவ்வளவு வேணும்னு எங்க எழுதுறது?"

"நீங்க எழுதவே வேண்டியதில்லைங்க. அது தானா வரும்."

"தானாத்தாங்க நாலு நாளா வராம கெடக்கு."

கூடம் சிரித்தது. நானும் சிரித்தேன், இன்னும் விஷயம் புரியாமலே. அவர் சிரிக்கவில்லை.

"இத எழுதினது யாருங்க?"

"நான்தான்."

"சாருக்கு எந்த ஊரு?"

அவர் கேட்டதில் குத்தல் எதுவும் இல்லை, விலாசம் கேட்கிற மாதிரிதான் கேட்டார். நான் தலைமடை ஊரில் பிறந்தவன். எங்கள் வயல் முதல் மதகிலிருந்து கூப்பிடு தூரம். தண்ணீர் வருமா என்று வரப்பில் நின்று பார்த்த நாள் எனக்கு ஒன்றுகூட ஞாபகம் இல்லை. ஊர்ப் பெயரைச் சொன்னேன். இந்த முறை கடைமடைக்காரர்களும் இடைமடைக்காரர்களும் மட்டும் சிரித்தார்கள். தலைமடைத் தலைவர் வேட்டியைச் சரிசெய்துகொண்டார்.

இரண்டு நாள் உட்கார்ந்து எழுதியும் எனக்குத் தோன்றாதது அப்போதுதான் தோன்றியது. மூன்று ஊருக்கு இரண்டு பெட்டிதான் வைத்திருந்தேன். தலைமடை எடுக்கும், இடைமடை எடுக்கும், போக உள்ளது கடைமடைக்கு. இதைக் கணக்கின் இயல்பு என்று நினைத்திருந்தேன். எங்கள் ஊர் வாய்க்காலில் குளித்து வளர்ந்தவனுக்கு வேறெப்படித் தோன்றும்? சோழர் காலத்து நீர்ப்பங்கைப் பற்றி அச்சில் வந்ததையெல்லாம் தேடித்தேடிப் படித்தவன் நான். அந்தப் படிப்பு இந்த முப்பது வரிக்குள் வரவில்லை.

"மாத்த முடியுமா?" என்றார் தாசில்தார்.

"அரை மணி நேரம் கொடுங்க."

டீ சொன்னார்கள். புரொஜக்டரை அணைக்க நான் மறந்துவிட்டேன். நிரலின் வரிகள் வேட்டியில் பெரிதாக விழுந்தன. டீ குடித்துக்கொண்டே நூறு பேர் நான் எழுதுவதைப் பார்த்தார்கள். மாறிகளுக்கு ஆங்கில எழுத்தில் தமிழ்ப் பெயர் வைப்பது என் பழக்கம். அந்த அம்மாள் எழுத்துக் கூட்டி உரக்கப் படித்தார்.

"தலை. இடை." கொஞ்சம் நிறுத்தினார். "மிச்சம்."

அவர் என் பக்கம் திரும்பினார்.

"எங்க ஊருக்கு மிச்சம்னா பேரு வச்சிருக்கீங்க?"

"மாத்திடறேங்க," என்றேன். முதல் வேலையாக அதைக் 'கடை' என்று மாற்றினேன். அவசரத்தில் ஓர் இடத்தில் பழைய பெயரே நின்றுவிட்டது. ஓட்டிப் பார்த்ததும், மிச்சம் என்று எதுவும் கிடையாது என்று சிவப்பில் ஒரு வரி வந்து நிரல் நின்றது. அதையும் திருத்தினேன்.

பிறகு கடைமடைக்கும் ஒரு பெட்டி வைத்து, மூன்றிலும் ட்ரேஸ் கட்டினேன். ஓர் ஊர் கூடுதலாக எடுத்தால் மற்ற இரண்டிலும் பாதிப் பாதி குறையவேண்டும், விட்டுக்கொடுத்தால் பாதிப் பாதி கூடவேண்டும் என்று கால்பேக்கை மாற்றினேன். ஒரு விசைக்கு ஒரு தாவல் என்று எண்கள் குதிக்காமல் இருக்க, எண்ணை அடித்து என்டர் தட்டிய பிறகே அது டப்பாவுக்குள் போகும்படி செய்தேன். எண்களைப் பழைய 72, 52, 44-லேயே நிறுத்தி, அந்த அம்மாளைக் கூப்பிட்டேன். அவர் கடைமடைப் பெட்டியில் 60 அடித்து என்டர் தட்டினார்.

மூன்று பெட்டியிலும் எண்கள் ஒரு நொடி ஆடி நின்றன. கூட்டிப் பார்த்தேன். நூற்றைம்பத்தொன்பது.

"ஒம்பது மணி நேரத் தண்ணி எங்கய்யா போச்சு?" என்றார் தலைமடைத் தலைவர்.

"உங்க தென்னந்தோப்புல பாருங்க," என்றார் கடைமடைத் தலைவர்.

"எங்க தோப்புக்கு போர் இருக்கு."

"போர் எதுக்கு, அதான் நீங்க இருக்கீங்களே."

தவறு எனக்கு உடனே தெரிந்தது. கடைமடை மாறியதும் அதன் கால்பேக் தலைமடை எண்ணைக் குறைக்கிறது. குறைந்ததும் தலைமடையின் ட்ரேஸ் குரல் கொடுக்கிறது. மாற்றியது மனிதர் கையா இன்னொரு கால்பேக்கா என்று அதற்குத் தெரியாது. தன் ஊர் விட்டுக்கொடுத்துவிட்டது என்று எண்ணி, அது இடைமடைக்குக் கூட்டிக் கொடுக்கிறது. உடனே இடைமடையும் குரல் கொடுக்கிறது. மூன்று பேரும் ஒருவர் கணக்கை ஒருவர் திருத்தியிருக்கிறார்கள். இதற்கு வைத்தியம் ஒரு வரிதான். ஒரு கால்பேக் ஓடும்போது கொடி மாதிரி ஓர் அடையாளத்தை ஏற்றி வைப்பது, அது ஏறியிருக்கும்வரை மற்றவை வந்த வழியே திரும்பிவிடுவது.

"என்ன பண்றீங்க?" என்று தாசில்தார் குனிந்து கேட்டார்.

"ஒருத்தர் பேசும்போது மத்தவங்க பேசக்கூடாதுன்னு ஒரு வரி சேக்கறேங்க."

"அத அப்படியே இந்தக் கூடத்துக்கும் போட முடியுங்களா?"

பதினொன்று ஐம்பதுக்கு நிரல் சரியாக ஓடியது. நேரத்தை டீ வந்த ரசீதின் பின்னால் குறித்து வைத்திருக்கிறேன்.

தலைமடைத் தலைவர் மறுபடி தன் எண்பதைக் கேட்டார். அடித்தேன். தலைமடை 80. இடைமடை 48. கடைமடை 40.

அந்த ஒரு கணத்துக்கு முன்வரை இடைமடைக்காரர்கள் எந்தக் கூட்டத்திலும் தலைமடையை எதிர்த்துப் பேசியதே கிடையாது. தலைமடை எவ்வளவு எடுத்தாலும் அவர்கள் பங்கில் குறைந்ததில்லை. இப்போது வேட்டியில் தங்கள் எண் குறைவதை நேரில் பார்த்தார்கள். பின் பெஞ்சிலிருந்து ஒருவர் எழுந்தார்.

"எங்களுக்கு எதுக்குங்க நாலு கொறையுது? நாங்க யார் வம்புக்குப் போனோம்?"

"நீங்களும் வாய்க்கால்லதானே இருக்கீங்க," என்றார் அந்த அம்மாள்.

"அதுக்காக அவங்க எடுத்தா நாங்க குடுக்கணுமா?"

"இத்தன நாளா நாங்க குடுத்துட்டுதாங்க இருந்தோம்."

இடைமடைக்காரர் வேட்டியில் இருந்த 48-ஐ ஒரு முறை பார்த்தார். பிறகு தலைமடைத் தலைவரிடம் திரும்பி, "அண்ணே, எண்பதெல்லாம் ரொம்ப அதிகம்ணே," என்றார். அவர் சொன்ன பிறகு அவருடைய ஊரே சொன்னது. எதிரே ஒரே ஓர் ஊர் இருந்தவரை அது தலைமடைத் தலைவருக்குப் பழகிய சண்டை. இரண்டு ஊர் என்றதும் அவர் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் பேரம். எண்பது எழுபத்தாறாகி, எழுபத்துநாலாகி, கடைசியில் நின்றது இப்படி: தலைமடை 70, இடைமடை 50, கடைமடை 48. மூன்று தலைவர்களும் வேட்டியைப் பார்த்துத் தனித்தனியே கூட்டினார்கள். மூவருக்கும் ஒரே விடை வந்தது.

எல்லாரும் எழுந்திருக்கும்போது அந்த அம்மாள் உட்கார்ந்தபடியே, "முறை யார்லேர்ந்துங்க ஆரம்பிக்கும்?" என்றார். வழக்கம்போல் தலைமடையில் தொடங்கினால் எழுபதும் ஐம்பதும் ஓடி முடிய ஐந்து நாள். அதற்குள் புரட்டாசி பிறந்துவிடும். இதற்கு நிரலில் பெட்டியே கிடையாது. அது எனக்கும் தோன்றவில்லை. பதில் சொன்னவர் அந்தப் பின் பெஞ்சு இடைமடைக்காரர்தான்.

"நாளைக்குக் காலையில கடைசியிலேர்ந்து விடுங்க. எங்க முறை ரெண்டாவதா வரட்டும். நாத்து காயறதப் பாத்துக்கிட்டு இருக்க முடியுமா?"

தலைமடைத் தலைவர் மறுக்கவில்லை. "நாங்க என்ன மனுஷங்க இல்லையா?" என்று மட்டும் கேட்டார். அவர்தான் முதலில் கையெழுத்துப் போட்டார். அன்றைய நடவடிக்கைக் குறிப்பின் நகலைப் பிறகு வாங்கிப் பார்த்தேன். "கணிப்பொறி மூலம் கணக்கிடப்பட்டு ஒருமனதாக முடிவு செய்யப்பட்டது" என்று ஒரு வரி இருக்கிறது. இரண்டு பெட்டி மூன்று பெட்டியானதைப் பற்றி எதுவும் இல்லை.

ஆவணி இருபத்தெட்டு காலை ஆறு மணிக்கு மற்ற மதகுகளை இறக்கிவிட்டுத் தண்ணீரைக் கடைமடைக்கு விட்டார்கள். புரட்டாசி முதல் தேதி மத்தியானம் நான் மோட்டார் சைக்கிளில் போய்ப் பார்த்தேன். நாற்றங்காலில் நாலு விரல் தண்ணீர் நின்றது. நுனி மஞ்சளாகத்தான் இருந்தது, ஆனால் நாற்று எழுந்துவிட்டது. நிலத்துக்காரர் காலையிலேயே வந்து போயிருந்தார்.

"என்ன சொன்னார்?" என்று கேட்டேன்.

"வரப்பு ஃபுல்லா ஒரு சுத்து சுத்துனாருங்க. செருப்பெல்லாம் சேறு. அப்புறம் நடவு என்னைக்குன்னு கேட்டாரு. அடுத்த வாரம்னேன். சரி, அறுப்புக்கு வர்றேன்னு சொல்லிட்டு காரத் திருப்பிட்டாரு."

"மனைக் கல்?"

"அத எங்க கொண்டு போட்டாரோ, நான் கேக்கல."

ஒன்பதாம் தேதி நடவு முடிந்தது. அந்தச் சம்பா அவர் கையைவிட்டுப் போகவில்லை.

ஒரே ஒரு விவரத்தில் மட்டும் என் குறிப்பு இடிக்கிறது. மதகைத் திறந்து மூடும் லஸ்கரின் பதிவேட்டில், கடைமடைக்குத் திறந்தது ஆவணி இருபத்தெட்டு காலை ஆறு மணி, அடைத்தது முப்பது காலை ஆறு மணி என்று இருக்கிறது. ஒப்புக்கொண்டபடி சரியாக நாற்பத்தெட்டு மணி நேரம். ஆனால் முப்பதாம் தேதி பகல் பன்னிரண்டுக்குத்தான் மதகை அடைத்ததாக, அந்த வழியாகக் களத்துக்குப் போன இரண்டு பேர் தனித்தனியே என்னிடம் சொன்னார்கள். ஒருவர் இடைமடை, ஒருவர் தலைமடை. அப்படியானால் ஐம்பத்துநாலு, கூடுதல் ஆறும் இடைமடையின் முறையிலிருந்து. லஸ்கரையே கேட்டேன். "பதிவேட்டுல இருக்கறதுதாங்க," என்றார், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு. அந்த அம்மாளைக் கேட்டால், தண்ணீர் வந்தபோது தான் மணி பார்க்கவில்லை என்கிறார். மதகில் என் ட்ரேஸ் எதுவும் கட்டியிருக்கவில்லை. அந்த ஆறு மணி நேரம் ஓடியதா, ஓடியிருந்தால் யார் சொல்லி ஓடியது என்பதை இதை எழுதும் நாள்வரை என்னால் உறுதி செய்ய முடியவில்லை.